பால் பக்கெட்டில் எழுதாத சாமான்

(பதுளை மாவட்டத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பிராவில் நடந்த தாய்மார் கூட்டத்தில், ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் பேசியது. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் இங்கே தருகிறோம்.)



மலையில் இருந்து இறங்கி, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, முகம் கூடக் கழுவாமல் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன். இன்றைக்குப் பேச்சு பாலைப் பற்றி. பால் நல்லது என்று இருபத்தெட்டு வருஷம் லயம் லயமாகப் போய்ச் சொன்னவள் நான். இன்றைக்கும் அதை மாற்றவில்லை. ஆனால் சில பிள்ளைகளுக்குப் பால் ஆகாது. இன்னும் சில பிள்ளைகளுக்குப் பால் ஆகும், பால் சாமானுக்குள் சொல்லாமல் கலந்து வருகிற கஜுவோ, கடலையோ, முட்டையோ, சோயாவோ ஆகாது. இந்த இரண்டையும்தான் சொல்ல வந்தேன்.

முதலில் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

2011ஆம் வருஷம். பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் திருவிழா. ஐந்து வயதுப் பெண் பிள்ளை ஒன்று. அதற்குக் கஜு ஆகாது என்று தாய்க்குத் தெரியும். முன்பு ஒரு தடவை பால் டொபி தின்று உதடு வீங்கியிருக்கிறது. அதனால் திருவிழாவில் தாய் கவனமாக, வெள்ளை வெனிலா ஐஸ்கிறீம்தான் வாங்கிக் கொடுத்தாள். அதில் கஜு கிடையாது, உண்மைதான். ஆனால் ஐஸ்கிறீம்காரர் கஜு போட்ட பெட்டியில் அள்ளிய அதே கரண்டியால் வெனிலாவையும் அள்ளிக் கொடுத்தார். அவர் மேல் கோபப்பட்டு என்ன பயன்? கூட்டம் நெருக்குது, கழுவத் தண்ணீர் இல்லை, இப்படி ஒரு வியாதி இருக்கிறதே அவருக்குத் தெரியாது.

பத்து நிமிஷத்தில் பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடிப்பு. இருமல். என்னிடம் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பிரிட்டோன் பாணி ஒரு கரண்டி கொடுத்து, "கொஞ்சம் பொறுங்க, அடங்கிரும்" என்றேன். கால் மணித்தியாலம் போனது. பிள்ளைக்குக் குரல் அடைத்துப் போச்சு. அப்புறம் லொறி நிற்கிற ரோட்டுக்குக் கொண்டு போகணும். லயத்தில் இருந்து ரோட்டுக்கு எழுபது படி. பாட்டியால் தூக்க முடியவில்லை, பிள்ளையைக் கையைப் பிடித்து நடக்க வைத்தார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பாதிப் படியில் பிள்ளை சுருண்டு விழுந்தது. ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். அந்தப் பிள்ளை இப்போது பெரிய பெண், படித்துவிட்டு வேலைக்குப் போகிறாள். நான் செய்தது இரண்டு பிழை. பொறுங்கள் என்றது ஒன்று, நடக்க விட்டது மற்றது. ஏன் பிழை என்று பின்னால் சொல்கிறேன்.

ஒவ்வாமை என்றால் என்ன? நம் உடம்புக்குள் காவல்காரன் இருக்கிறான். கிருமி வந்தால் அடிப்பான். சிலருடைய உடம்பில் அந்தக் காவல்காரன் பாலில் இருக்கிற புரதத்தையோ, கஜுவில் இருக்கிற புரதத்தையோ திருடன் என்று தப்பாக நினைத்து அடிக்கத் தொடங்குவான். அந்த அடிதடியில்தான் தோல் தடிக்கிறது, உதடு வீங்குகிறது, மூச்சுக்குழாய் இறுகுகிறது, இரத்த அழுத்தம் விழுகிறது. சாமான் கெட்டுப் போனதால் வருகிற வியாதி இல்லை இது. நல்ல சாமான்தான். மற்ற நூறு பேர் தின்று சுகமாக இருப்பார்கள்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பால்மா என்றதும் நம்ம சனத்துக்கு வேறு கதைகள் ஞாபகம் வரும். 2008இல் சீனாவில் பாலில் மெலமைன் என்ற இரசாயனத்தைக் கலந்தார்கள். ஏறத்தாழ 3 இலட்சம் குழந்தைகள் நோயில் விழுந்தார்கள், 6 குழந்தைகள் செத்துப் போனார்கள். 2013இல் நியூசிலாந்துப் பால்மா பற்றி ஒரு பயம் வந்து, நம்ம நாட்டிலும் கடைகளில் இருந்து பக்கெட்டை எடுத்தார்கள். அதெல்லாம் கலப்படம், அல்லது கலப்படப் பயம். எல்லாருக்கும் பொதுவான ஆபத்து. அதற்கு அரசாங்கம் பார்க்கும், பத்திரிகையில் வரும். ஒவ்வாமை அப்படி இல்லை. உங்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் வரும். ஊரில் ஒருத்தரும் பேச மாட்டார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. "எனக்குப் பால் குடிச்சா வயிறு பொருமுது, வயித்தால போகுது" என்று பெரியவர்கள் நிறையப் பேர் சொல்வார்கள். அது பாலில் இருக்கிற லாக்டோஸ் என்ற இனிப்பு செரிக்காததால் வருவது. நம்ம ஆட்களில் பலருக்கு அது உண்டு. சங்கடம்தான், உயிருக்கு மோசம் இல்லை. நான் சொல்கிற ஒவ்வாமை பாலின் புரதத்தால் வருவது. அதற்கு ஒரு சொட்டு கூடப் போதும். காய்ச்சினாலும் அந்தப் புரதம் முழுசாக அழியாது.

இப்போது வெளிநாட்டில் நடந்த இரண்டு சம்பவம் சொல்கிறேன். இரண்டும் நம்ம தேங்காய்ப்பால் சம்பந்தப்பட்டது.

அவுஸ்திரேலியாவில் மெல்பேர்ன் நகரம். 2013 டிசம்பர். பத்து வயதுப் பையன், பால் ஆகாதவன். வெளிநாட்டில் இருந்து இறக்குமதியான தேங்காய்ப் பானம் ஒரு ரின் குடித்தான். ரின்னின் லேபலில் பசுப்பால் என்று எழுதியிருக்கவில்லை. உள்ளே பசுப்பால் இருந்தது. பையன் இறந்துபோனான். இறக்குமதி செய்த கம்பனிக்கு 2015இல் 18,000 டொலர் தண்டம் போட்டார்கள். ஒரு பிள்ளையின் விலை அவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றுகிறது. இதில் இன்னொரு வேதனை இருக்கிறது. பையன் இறந்த பிறகும் அந்தப் பானம் கடைகளில் கிடந்தது. உடனே அறிவிக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிகளுக்குச் சட்டம் இருக்கவில்லை. மரண விசாரணையில் இது வெளியே வந்தது. அந்தத் தாய் தகப்பன் விடாமல் கேட்டார்கள். 2018 நவம்பர் முதல் விக்டோரியா மாநிலத்தில், இப்படிக் கடும் ஒவ்வாமையோடு யார் வந்தாலும் ஆஸ்பத்திரி சுகாதாரத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று சட்டம் ஆக்கினார்கள்.

இரண்டாவது இங்கிலாந்தில். 2017 டிசம்பர் 27. பாத் என்ற ஊரில், ஐந்து பிள்ளைகளின் தாய் ஒருவர், பால் ஆகாதவர், 'பிரெட்' என்ற பேர் போன கடையில் காய்கறி வைத்துச் சுற்றிய ரொட்டி ஒன்று வாங்கிச் சாப்பிட்டார். பாலே சேராத சாப்பாடு என்று நம்பித்தான் வாங்கினார். அதில் தேங்காயில் செய்த யோகட் இருந்தது. அந்த யோகட்டைக் கட்டியாக்கச் சேர்த்த மாச்சத்துதான் வில்லன். அது தயாரான ஆலையில் பாலும் கையாளப்பட்டது. அங்கே ஒட்டிய பால் புரதம், மாவோடு யோகட்டுக்குப் போய், யோகட்டோடு ரொட்டிக்குப் போய், அந்த அம்மாவின் உயிரை எடுத்தது. 2022இல் மரண விசாரணை நடந்து இதையெல்லாம் சொன்னது. யோசித்துப் பாருங்கள். கடைக்காரர் பால் போடவில்லை. யோகட் கம்பனியும் பால் போடவில்லை. மூன்று கை தாண்டி வந்தது.

அமெரிக்காவில் கடைகளில் இருந்து திருப்பி எடுக்கிற சாமான்களில், லேபலில் சொல்லாத ஒவ்வாமைச் சாமானால் எடுப்பதுதான் அதிகம். அதிலும் அடிக்கடி சொல்லாமல் விடப்படுவது பால்தான். மெஷின் எல்லாம் வைத்திருக்கிற பெரிய தேசத்தில் இந்தக் கதை.

சரி, நம்ம கதைக்கு வருவோம். மூன்று கை தாண்டி வருகிற சாமான் நம்ம லயத்தில் இல்லையா?

2022 மார்ச்சில் 400 கிராம் பால்மா பக்கெட் 790 ரூபாய்க்குப் போனது ஞாபகம் இருக்கும். கிடைக்கவும் இல்லை, கிடைத்தாலும் வாங்க முடியவில்லை. அந்த நேரத்தில் நம்மில் எத்தனை பேர் கடையில் ஐம்பது கிராம், நூறு கிராம் என்று சொப்பின் பையில் கட்டிய பால்மா வாங்கினோம்? நானும் வாங்கினேன். அந்தப் பையில் லேபல் ஏது? எந்தக் கம்பனி, எந்தத் திகதி, உள்ளே பால் மட்டுமா, ஒன்றும் தெரியாது. கடைக்காரர் சோயா மா அள்ளிய கரண்டியாலேயே பால்மாவும் அள்ளியிருப்பார். ஒவ்வாமை இல்லாத வீட்டுக்கு இது பெரிய விஷயம் இல்லை. ஒவ்வாமைப் பிள்ளை இருக்கிற வீட்டில் உதிரிப் பால்மா வாங்கவே வேண்டாம். பக்கெட் சின்னதாக இருக்கட்டும், மூடி ஒட்டியதாக இருக்கட்டும்.

பால் டொபி சொன்னேன். வீட்டில் செய்து விற்கிறவர்கள் பாதிப் பேர் கஜு போடுவார்கள், பாதிப் பேர் போட மாட்டார்கள். போடாதவர்களும் போன வாரம் கஜு போட்ட தட்டிலேதான் ஊற்றுவார்கள். ஐஸ்கிறீம் கோன் கோதுமை மாவில் செய்தது. சொக்லட் பூசிய ஐஸ்கிறீமில் சோயா வரும், கடலை வரும். ஐஸ் பழம் தண்ணீரும் சாயமும்தானே என்று நினைக்காதீர்கள், சிலவற்றில் பால்மா உண்டு. கப் யோகட்டில் கட்டியாக நிற்க ஜெலட்டின் போடுவார்கள். அது பெரும்பாலும் மாட்டில் இருந்து எடுப்பது. மாட்டிறைச்சி ஆகாத சிலருக்கு அந்த ஜெலட்டினும் ஆகாது. நம்ம நாட்டில் கடும் ஒவ்வாமைக்குக் காரணமாக வைத்தியர்கள் அடிக்கடி காண்பவற்றில் பசுப்பாலும் மாட்டிறைச்சியும் உண்டு. மாடு சாப்பிடாத குடும்பங்கள் ஜெலட்டினை வேறு காரணத்துக்காகவும் பார்ப்பீர்கள், அது உங்கள் விருப்பம்.

திருப்பியும் பாருங்கள். பால் ஆகாத பிள்ளைக்குப் பால் எங்கெங்கே ஒளிந்து வருகிறது? மாஜரினில் வரலாம். பிஸ்கட்டில், பணிஸில், கேக்கில் வரும். மைலோவில் பாலும் இருக்கிறது, பார்லியும் இருக்கிறது. முக்கியமாக ஒன்று: கிளினிக்கில் நாங்களே கொடுக்கிற திரிபோஷ. சோளம், சோயா, பால்மா மூன்றும் அதில் உண்டு. நிறை குறைந்த பிள்ளைக்குத் திரிபோஷ நல்ல சாப்பாடு, அதை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பால் ஆகாது, சோயா ஆகாது என்று தெரிந்த பிள்ளைக்கு அதை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் மூலையில் வைக்காமல், வாங்குகிற இடத்திலேயே மிட்வைப் அம்மாவிடம் சொல்லுங்கள். வேறு என்ன கொடுக்கலாம் என்று அவர் சொல்வார்.

லேபல் பார்க்கச் சொல்கிறீர்களே, எங்களுக்கு எங்கே தெரியும் என்று கேட்பீர்கள். நியாயம். எழுத்து கடுகு மாதிரி. அதுவும் பல பக்கெட்டில் தமிழ் அரையும் குறையுமாக இருக்கும், சாமான் பட்டியல் இங்கிலீசில் மட்டும் இருக்கும். ஸ்கூல் போகிற பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். காதில் விழ வேண்டிய சொற்கள் இவை. சிங்களத்தில் 'கிரி' என்றால் பால், 'கிரி பிட்டி' பால்மா, 'பித்தர' முட்டை, 'ரட்டகஜு' நிலக்கடலை, 'திரிங்கு பிட்டி' கோதுமை மா. கஜுவுக்குக் கஜுதான். இங்கிலீசில் 'மில்க்' என்று இருந்தால் எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் ஏமாறுவது 'வே', 'கேசின்', 'கேசினேட்', 'மில்க் சொலிட்ஸ்' என்கிற பேர்களில். எல்லாம் பால்தான். 'மே கன்டெய்ன்' என்று தொடங்கினால், இந்தச் சாமான் கலந்திருக்கலாம் என்று கம்பனியே ஒத்துக்கொள்கிறது என்று அர்த்தம். ஒவ்வாமைப் பிள்ளைக்கு அதை வாங்க வேண்டாம். 'நொன் டெய்ரி' என்று எழுதியிருந்தாலும் பட்டியலைப் பாருங்கள், கேசினேட் இருக்கும் சாமான்கள் உண்டு.

ஒரு தடவை பார்த்துச் சரி என்ற பக்கெட்டை அடுத்த மாதமும் பாருங்கள். கம்பனி சேர்மானத்தை மாற்றும், பக்கெட் படத்தை மாற்றாது.

உலகச் சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து நடத்துகிற கோடெக்ஸ் என்ற அமைப்பு, பால், முட்டை, மீன், இறால் வகை, நிலக்கடலை, சோயா, கஜு போன்ற பருப்பு, கோதுமை வகை இவற்றைக் கட்டாயம் லேபலில் சொல்ல வேண்டும் என்று 1999இலேயே எழுதி வைத்தது. இந்தியாவும் 2020இல் அதே மாதிரிச் சட்டம் போட்டது. நம்ம நாட்டில் உணவுக்கான தாய்ச்சட்டம் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம். அதன்படி பி.எச்.ஐ. ஐயா கடைக்கு வந்து சாமானைச் சோதிக்கலாம், மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம். ஆனால் அவருக்கு யார் சொல்வது? அதனால்தான் மெல்பேர்ன் கதையைச் சொன்னேன். பிள்ளைக்கு ஏதாவது தின்று வந்துவிட்டால், பிள்ளையைப் பார்த்த பிறகு செய்ய வேண்டிய இரண்டாவது வேலை, பக்கெட்டை எறியாமல் வைப்பது. மிச்சச் சாமானையும் கட்டி வையுங்கள். மூடியில் இருக்கிற திகதி, தொகுதி இலக்கம் கிழிந்து போகாமல் பாருங்கள். எம்.ஓ.எச். அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் போன் செய்யலாம். நம்ம ஆட்கள் வழக்கமாகப் பக்கெட்டை அடுப்பில் போட்டுவிட்டு, "ஏதோ காத்துக் கருப்பு" என்று கோயிலுக்குப் போவார்கள். கோயிலுக்குப் போங்கள். பக்கெட்டை வைத்துவிட்டுப் போங்கள்.

இனி, வந்துவிட்டால் என்ன செய்வது. என் பிழையில் இருந்து தொடங்குகிறேன்.

தோலில் நாலு தடிப்பு மட்டும் என்றால் பிரிட்டோன் உதவும். ஆனால் குரல் அடைத்தால், இருமினால், மூச்சில் விசில் கேட்டால், நாக்கு வீங்கினால், பிள்ளை சோர்ந்து வெளுத்தால், திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால், பிரிட்டோன் அதற்கு மருந்தே இல்லை. அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி ஒன்றுதான். தொடையில் போடுவது. வெளிநாட்டில் பேனா மாதிரி ஊசியைப் பிள்ளைகள் புத்தகப் பையிலேயே வைத்திருப்பார்கள். நமக்கு அது லேசில் கிடைக்காது. அதனால் நமக்கு மருந்து என்பது தூரம்தான். எவ்வளவு சீக்கிரம் தோட்ட டிஸ்பென்சரிக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்பதுதான். 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்பியூலன்ஸ் காசில்லாமல் வரும். 2011இல் எனக்கு அது இருக்கவில்லை. அது வர நேரமாகும் இடம் என்றால் லொறியோ திறிவீலோ எது நிற்குதோ அதில் ஏற்றுங்கள். எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எந்தக் கோயிலடி என்று போனில் தெளிவாகச் சொல்ல ஒரு ஆள் ரோட்டில் நிற்கட்டும்.

பிள்ளையை நடக்க விடாதீர்கள். எழுந்து நிற்கவும் விடாதீர்கள். இந்த நேரத்தில் இரத்த அழுத்தம் விழுந்து கிடக்கும். திடீரென்று நிமிர்த்தினால் இதயத்துக்கு இரத்தம் போகாமல் அப்படியே நின்றுவிடலாம். எங்கள் பிள்ளை பாதிப் படியில் விழுந்தது இதனால்தான். படுக்க வைத்துக் காலைக் கொஞ்சம் உயர்த்துங்கள். மூச்சு முட்டுகிற பிள்ளை என்றால் காலை நீட்டி உட்கார்ந்தபடி இருக்கலாம். சத்தி எடுத்தால், மயங்கினால், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். படி ஏற வேண்டும் என்றால் கம்பளியில் படுக்க வைத்து நாலு பேர் தூக்குங்கள். மலையில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு வருகிறோமே, அப்படி. தேத்தண்ணி, சீனித்தண்ணி, ஒன்றும் வாயில் ஊற்ற வேண்டாம்.

ஊசி போட்டுச் சரியானதும் "வீட்டுக்குப் போறோம், நாளைக்குப் பேர் போடணும்" என்று எழும்ப வேண்டாம். சில மணித்தியாலம் கழித்து இரண்டாவது தடவை வரலாம். டொக்டர் விடும் வரைக்கும் இருங்கள். ஒரு நாள் பேர் போகும். அது எனக்கும் தெரியும்.

கேள்வி இருந்தால் கேளுங்கள்.

(ஒரு பாட்டி: "பசும்பால் ஆகாட்டி ஆட்டுப்பால் குடுத்தா என்ன? எங்க காலத்துல அப்பிடித்தான்.")

அம்மாயி, அந்தக் காலத்தில் வயிற்றுக்கு ஆகாததற்குக் கொடுத்துச் சரியாகியிருக்கலாம். ஆனால் பசும்பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஆகாது. இரண்டு பாலிலும் புரதம் அக்கா தங்கச்சி மாதிரி. எருமைத் தயிரும் அப்படித்தான். வீட்டில் வைத்தியம் பார்க்க வேண்டாம்.

(இளம் தாய் ஒருவர்: "நான் பால் குடுக்குற தாய். புள்ளைக்குப் பசும்பால் ஆகாதுன்னா என் பாலையும் நிப்பாட்டணுமா?")

நிறுத்தவே கூடாது, தங்கச்சி. தாய்ப்பாலைப் போல ஒன்றும் கிடையாது. தேவைப்பட்டால் நீங்கள் சாப்பிடுவதில் எதைக் குறைப்பது என்று டொக்டர் சொல்வார். நீங்களாகவே எல்லாவற்றையும் விட்டுப் பட்டினி கிடக்காதீர்கள். இன்னொன்று, பால் ஒவ்வாமை பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர விட்டுப்போகும். கஜு, கடலை அப்படி லேசில் விடாது. விட்டுப்போச்சா என்று வீட்டில் ஒரு வாய் கொடுத்துப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம். ஆஸ்பத்திரியில் பார்த்துச் சொல்வார்கள். தடுப்பூசிக்குப் போகும்போதும், பாலோ மாட்டிறைச்சியோ ஆகாத பிள்ளை என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். ஊசியைத் தவிர்க்கச் சொல்லவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனமாகப் போடுவார்கள்.

(பிள்ளைக் காம்பிரா பொறுப்பாளர்: "இங்கே முப்பது பிள்ளை. யாருக்கு என்ன ஆகாதுன்னு எப்பிடி ஞாபகம் வைக்கிறது?")

அதற்குத்தான் அந்த மேசையில் தாள் வைத்திருக்கிறேன். பிள்ளை பேர், ஆகாத சாமான், முன்பு வந்தபோது எப்படி வந்தது, யாருக்குப் போன் செய்வது, நாலு வரிதான். எழுதத் தெரியாதவர்கள் என்னிடம் வாங்க, நான் எழுதித் தருகிறேன். ஒன்று இங்கே சுவரில், ஒன்று ஸ்கூலில் டீச்சரிடம், ஒன்று கிளினிக் அட்டைக்குள். பிறந்தநாளுக்கு யாராவது கேக்கோ ஐஸ்கிறீமோ கொண்டு வந்தால், பங்கு வைப்பதற்கு முன்னால் சுவரைப் பாருங்கள். மழை இருட்டுது, தாளை எடுத்துக்கொண்டு கிளம்புங்க. மேல் கணக்கு லயத்துக்காரங்க மட்டும் கொஞ்சம் நில்லுங்க, உங்க கடைக்காரர்கிட்ட கரண்டி விஷயம் பேசணும், நானும் கூட வாறேன்.